கொசுவின் குற்றங் கண்ட ஸர் ரொனால்டு ராஸ்

பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வேளையில் நம் செவியருகே வந்து ரீங்காரஞ் செய்யும் கொசுவை நாம் ஒரு தொல்லையென்று கருதுகிறோமேயன்றி, உயிர் கவரும் பகையென்று எண்ணுவதில்லை. ஆயினும் சிங்கமும் புலியும் பாம்பும் சேர்ந்து கொன்ற மாந்தரினும் இச்சிற்றுயிரால் மாண்ட மாந்தர் பன்மடங்கு மிகுதியாவர். மலேரியா என்னும் முறைஜுரத்தால் படைகள் அழிந்தன, வளமிக்க வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன, ஊர்கள் பாழாயின. இத்தனைக்கும் 19-ம் நூற்றாண்டு முடியுந் தறுவாய்வரை இக்கொடுமையைச் செய்வது யாதென்று ஒருவரும் ஐயந்திரிபற அறிந்தாரில்லை. சதுப்பு நிலங்களினின்றும் எழும் கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணமெனப் பண்டிதரும் பாமரரும் ஒருங்கே நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கும் கெட்ட காற்று என்பதே பொருளாம்.

காற்றே பகையாயின், அதனை வீட்டிற்குப் புறத்தே நிறுத்துதல் யாரால் இயலும்? மூச்சு விடாது உறங்க வல்லார் உளரோ? ஆனால் பகை கொசுவாயின், நான்கு முழத் துணியும் சிறிது கவனமும் உடைய எவரும் அதனைத் தடுத்து நிறுத்தலாம். மக்களினத்தை முன்னைய நிலையினின்றும் பின்னைய நிலைக்குக் கொண்டுவந்தவருள் முதல்வர் ஸர் ரொனால்டு ராஸ் ஆவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

ரொனால்டு ராஸ் 1857-ம் ஆண்டு மே மாதம் 13-ம் தேதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்திய ஸேனையில் பெரும்பதவி வகித்தவர். பத்துக் குழந்தைகளுள் மூத்தவராகிய ராஸ், எட்டாம் வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் இல்லத்தில் வளர்ந்தார்.

இளமையில் அவருடைய உள்ளம் வைத்தியத்தில் செல்லவேயில்லை. கவிதை இயற்றுதலும், சித்திரம் வரைதலும், இசை பயிலுதலும், கணக்கின் நுட்பங்களை ஆராய்தலுமே அவருக்கு இன்பந் தந்தன. ஓவியராக வேண்டுமென்பது அவர் விருப்பம். வைத்தியராகி இந்தியாவில் ஊழியம் புரிய வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். தந்தையார் விருப்பமே வென்றது. பதினேழாம் வயதில் லண்டன் நகரத்து ஸெயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் மாணாக்கராகச் சேர்ந்தார். ஊக்கமின்றிப் படித்தமையால் ஒரு தேர்வில் தவறவும் நேர்ந்தது. சிறிது காலம் கப்பல் வைத்தியராக அலைகடலில் திரிந்து, பின்னர்க் குறைத் தேர்வையும் முடித்துக்கொண்டு, 1881-ம் ஆண்டில் இந்திய வைத்திய இலாகாவில் அமர்ந்தார். பிற்காலத்தில் உலகம் போற்றும் ஆராய்ச்சியாளர் ஆனவர் கல்லூரியில் முன்வரிசை மாணாக்கராக விளங்கவில்லை என்பது நம்மனோர்க்கு ஓர் ஆறுதலாகும்.

பெங்களூர்த் தொட்டி

அவர் முதன்முதல் ஊழியம் புரிந்தது சென்னை இராஜதானியிலாகும். சென்னை நகரத்து ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பல இடங்களில் படைவீரர்க்குச் சிகிச்சை செய்தார். வேலை மிகுதியில்லை, ஓய்வு நேரம் ஏராளம். கதைகளும் நாடகங்களும் எழுதினார். கணித நூல்களை ஆழ்ந்து கற்றார்.

1883-ல் பெங்களூரில் இருந்தபொழுது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவர் தங்கியிருந்த விடுதியில் கொசுத் தொல்லை தாங்கவொண்ணாததாயிருந்தது. பிறர் அறைகளைவிடத் தம் அறையில் அது மிகுதியாயிருந்ததற்குக் காரணம் யாதெனத் தேடிச் சென்ற ராஸ், சன்னலுக்கு வெளியே வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் பெரிதும் குறைந்தன. மற்றத் தொட்டிகளையும் சாடிகளையும் அவ்வாறே கவிழ்த்து விடலாமென்று விடுதிக்குப் பொறுப்பாயிருந்த படையதிகாரியிடம் சென்று கூறினார். அவ்வதிகாரியோ இயற்கையின் ஏற்பாட்டில் கைவைத்தல் தகாதென்று மறுத்துவிட்டார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு அப்பொழுது எவருக்குந் தெரியாது. எனினும் அந்த விடுதி முற்றத்தில் நடந்த அந்தச் சிறு உரையாடல் அவரது பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் ஒரு முன்னுரை போன்றது. வழி இன்னதென்று ஒருவர் காட்டுதலும், எளிய வேலையேயாயினும் மற்றவர் செய்ய மறுத்தலும் பின்னரும் பலமுறை நிகழவிருந்தன.

குருவும் சீடரும்

1880-ல் அல்ஜீரியா நாட்டில் பணி புரிந்த லாவரான் என்னும் பிரெஞ்சுப் படைவைத்தியர், மலேரியா நோயாளரின் இரத்தத்தில் ஒரு நுண்கிருமி வாழ்வதைப் பூதக்கண்ணாடியின் வாயிலாகக் கண்டு வெளியிட்டிருந்தார். ராஸ் அதனைத் தேடிப் பார்த்துக் காணாமல், அப்படியொன்று இல்லையென்றே முதலில் வாதித்தார். 1894-ல் விடுமுறையில் லண்டன் சென்றபொழுது பாட்ரிக் மான்ஸன் என்னும் மூத்த வைத்தியர் அக்கிருமியை அவருக்குக் கண்ணாரக் காட்டினார். தம் பிழையை உணர்ந்த ராஸ் அன்று முதல் மான்ஸனைக் குருவாகக் கொண்டார்.

மான்ஸன் சீன தேசத்தில் வாழ்ந்த காலத்தில் யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டவர். ஆதலின் மலேரியாக் கிருமிக்கும் கொசுவே புகலிடமாயிருத்தல் கூடுமென ஊகித்தார். ஆயின் அவ்வூகத்தில் பாதியே மெய். கொசு நீரில் விழுந்து மடிய, அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றும் என அவர் கருதினார். கொசுவின் கடியாலேயே நோய் பரவுகிறது என்னும் மற்றைப் பாதியை ராஸே தம் கண்ணால் தேட வேண்டியிருந்தது.

வலைக்குள் அடைத்த கொசு

1895-ல் ராஸ் செகந்திராபாத்துக்குத் திரும்பினார். அவர் கையாண்ட முறை இது: மலேரியா நோயாளரைக் கொசுவலை கட்டிய கட்டிலிற் படுக்கச் செய்வார், புழுப்பருவத்திலிருந்தே தாம் வளர்த்த கொசுக்களை அவ்வலைக்குள் விடுவார், அவை வயிறார இரத்தம் உறிஞ்சிய பின் பிடித்து வைத்துச் சில நாள் கழித்து அறுத்துப் பார்ப்பார். கொசுவை வெளியே நிறுத்துவதற்காக உண்டான வலை, கொசுவை நோயாளரோடு உள்ளே அடைத்து வைக்கப் பயன்பட்ட விந்தையை நாம் நோக்குதல் வேண்டும். பின்னர்க் கோடிக்கணக்கான மக்களைக் காக்கவிருந்த அந்த எளிய பொருள் முதலில் உண்மையைக் காண்பதற்கு உதவிற்று.

இரண்டாண்டுகள் அவர் அறுத்த கொசுக்களில் கிருமி வளர்ந்த அடையாளம் கிட்டவில்லை. காரணம், மலேரியாவைச் சுமக்கும் ஆற்றலில்லாத வேறு இனக் கொசுக்களையே அவர் சோதித்து வந்தார். இடையில் வாந்திபேதியை அடக்கப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897-ன் கோடையில் உதகமண்டலத்துக்கு விடுமுறையிற் சென்றவர், மலையடிவாரத்துச் சீகூர்ப் பகுதியில் மலேரியா மிகுதியென்று கேட்டு ஆராயப் போந்து, தாமே அந்த ஜுரத்தால் பீடிக்கப்பட்டார். நோயைப் பிறர் உடலில் மட்டுமன்றித் தம் உடலிலும் அறிந்தவராய், அவ்வாண்டு ஜூன் மாதம் செகந்திராபாத்தை மீண்டும் அடைந்தார்.

ஆகஸ்டு மாதத்து வெம்மையில் பேகம்பேட்டைச் சிறு ஆஸ்பத்திரியில் வேலை நடந்தது. விசிறி இழுத்தால் கொசுக்கள் பறந்துபோகும், ஆகவே விசிறியில்லை. நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டிப் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருவேறின. அதன் கண்ணாடியும் விரிசல் கண்டிருந்தது. ஒரு கொசுவை அணு அணுவாக ஆராய்வதற்கு மணிக்கணக்காகும். இந்நிலையில் அவருடைய ஆட்கள் கொண்டுவந்த புழுக்களினின்றும் சிறகிற் புள்ளிகளையுடைய புதியதோரினக் கொசுக்கள் வெளிப்பட்டன. ஆகஸ்டு 16-ம் தேதி காலையில் ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர், சுவரிலே வாற்புறம் வெளியே தூக்கி நிற்க அமர்ந்திருந்த சிறு கொசுவொன்றை அவருக்குச் சுட்டிக் காட்டினார். இந்நாளில் அனோபிலிஸ் என்று நாம் வழங்கும் இனம் அதுவே. அந்த உதவியாளரின் பெயரைப் பிற்காலத்தில் ராஸ் மறந்துபோனார். சரித்திரமும் அதனை இழந்துவிட்டது.

அன்றே ஹுஸேன் கான் என்னும் நோயாளர் வலைக்குள் படுத்தார். தம்மைக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா அவருக்குக் கூலி. கடித்த கொசுக்களுட் சில உடனே அறுக்கப்பட்டன. சில தாமே மடிந்தன. ஆகஸ்டு 20-ம் தேதி எஞ்சியிருந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்றை அறுத்து, கண் மங்கும்வரை அதன் இரைப்பைச் சுவரை ஆராய்ந்த ராஸ், அங்கே வட்டமான சில உயிரணுக்களையும் அவற்றினுள்ளே மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துகள்களையும் கண்டார். மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபொழுது அவ்வணுக்கள் பருத்து வளர்ந்திருந்தன. கிருமி கொசுவினுள் வளர்கின்றது என்பது ஐயமின்றி விளங்கிற்று. ஆகஸ்டு 20-ம் நாள் உலகக் கொசு நாளாக இன்றும் நினைக்கப்படுவது இதனாலேயே.

கல்கத்தாவிற் குருவிகள்

கிருமி கொசுவின் வயிற்றிலிருந்து மனிதனுக்கு எவ்வாறு செல்கின்றது என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதனை ஆராயுமுன் மேலிடம் அவரை மலேரியா அருகிய இராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றியது. மான்ஸனின் பரிந்துரையால் 1898-ல் கல்கத்தாவில் தனி ஆராய்ச்சிக்கு இடங்கிடைத்தது. அங்கோ பிளேக் நோயின் பீதி பரவியிருந்தது. ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் ஓடினர். விரலில் ஒரு துளி இரத்தம் எடுக்க யாரும் இசையவில்லை. ராஸ் மனம் தளராது பறவைகளிடம் திரும்பினார். குருவிகளுக்கும் மனித மலேரியாவை ஒத்த ஒரு ஜுரக் கிருமி உண்டு. நோயுற்ற குருவிகளைக் கடித்த கொசுக்களை நாள்தோறும் அறுத்து, கிருமியின் வழியைத் தொடர்ந்து சென்றார். ஜூலை மாதத் தொடக்கத்தில் அது கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். கடிக்கும்பொழுது உமிழ்நீரோடு கிருமியும் உடலினுட் புகுகின்றது என்னும் மர்மம் வெளியாயிற்று. பின்னர் நோயற்ற குருவிகளைக் கூண்டோடு கொசுவலைக்குள் வைத்து, நோய்க் கொசுக்களை உள்ளே விட்டார். அக்குருவிகளிற் பெரும்பாலானவை நோயுற்றன. முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளர் இவ்வேலைகளில் இரவு பகல் பாராது உடனிருந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞராகிய கிராஸியும் அவர்தம் தோழரும் மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசுவே பரப்புகின்றதெனத் தெளிவாக நிறுவினர். இதனால் புகழ் யாருக்குரியது என்னும் பூசல் எழுந்தது. ராஸ் கிராஸியைக் கடுமொழிகளால் தாக்கினார். பகைமை வாழ்நாள் முழுவதும் ஓயவில்லை. பெரியாரிடத்தும் குறையுண்டு என்பதை மறைத்தல் சரித்திரமாகாது.

வீடே கோட்டையாதல்

உண்மை வெளிப்பட்டவுடன் அதனை இல்லங்களிற் பயன்படுத்திச் சோதிக்கும் முயற்சிகள் தொடங்கின. 1900-ம் ஆண்டின் கோடையில் மான்ஸனுடைய ஏற்பாட்டால் ஸாம்பன், லோ என்னும் இரு வைத்தியர்கள் ரோம் நகருக்கு அண்மையில், மலேரியாவுக்குப் பேர்போன ஆஸ்டியாச் சதுப்பு நிலத்தில் ஒரு மரக்குடிசையில் வாழ்ந்தனர். கதவுக்கும் சன்னலுக்கும் கம்பிவலை பொருத்தப்பட்டிருந்தது. பகலில் மற்றவரைப் போலவே வெளியிற் சென்றனர். அதே காற்றைச் சுவாசித்தனர். அந்தி சாயுமுன் வீட்டினுட் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டனர். கொயினா மருந்து உட்கொள்ளவில்லை. சுற்றிலுமுள்ளார் ஜுரத்தால் வருந்தியபொழுது இவர்கள் நலமாயிருந்தனர். கெட்ட காற்றென்னும் பழங்கொள்கை அந்தக் குடிசை வாயிலிலேயே மாண்டது எனலாம்.

அவ்வாண்டே கிராஸி இத்தாலியின் தென்பாகத்திலுள்ள கப்பாச்சியோச் சமவெளியில் ரயில்வே ஊழியர்களின் வீடுகளுக்குக் கம்பிவலை பொருத்தினார். வலையின் காப்பிலிருந்த 112 பேரில் ஐவரே நோயுற்றனர். காப்பின்றி அருகில் வாழ்ந்த 415 பேரில் ஏறக்குறைய எல்லாரும் நோய்வாய்ப்பட்டனர். ராஸின் கண்டுபிடிப்புக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதனை அளித்தவர் அவர் மன்னிக்க மறுத்த பகைவர் என்பது விதியின் விளையாட்டே.

ராஸ் 1899-ல் இந்திய ஊழியத்தினின்றும் விலகி, லிவர்ப்பூல் நகரத்து வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டே மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் நகருக்குச் சென்று, அங்கு மலேரியாவைப் பரப்பும் கொசுக்களையும் அவை பிறக்கும் குட்டைகளையும் கண்டறிந்தார். இல்லத்தார்க்கு அவர் கூறிய அறிவுரையில் கொசுவலை முக்கிய இடம் பெற்றது. வலையில் ஓட்டை இருத்தலாகாது; அதன் விளிம்பைத் தரையில் தொங்கவிடாது மெத்தைக்கு அடியில் நாற்புறமுஞ் செருகுதல் வேண்டும். இவை எளிய விதிகளே. ஆயினும் ஓர் ஓட்டையுள்ள வலை, கொசுவைத் தடுப்பதற்கு மாறாக உள்ளே வந்ததை வெளியே விடாது காக்கும். ஹுஸேன் கானின் கட்டிலை நினைவிற் கொண்டால் இவ்விதியின் பொருள் நன்கு விளங்கும். ஆய்வுக்காக அன்று வேண்டுமென்றே செய்யப்பட்டது, கிழிந்த வலையுள் உறங்குவோர்க்கு அவர் அறியாமலே நிகழ்கின்றது.

எனினும் வலையைத் தனி மனிதருக்குரிய காவலென்றும், தேங்கிய நீரை அகற்றிக் கொசுவைப் பிறவாமற் செய்தலை அரசாங்கத்துக்குரிய காவலென்றும் கருதிய ராஸ், பின்னதையே ஓயாது வற்புறுத்தினார். 1902-ல் எகிப்தில் ஸூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் அவருடைய ஆலோசனைப்படி வேலை நடந்தது. அவ்வாண்டில் 1,551 ஆக இருந்த நோயாளர் தொகை மறு ஆண்டில் 214 ஆகவும், 1905-ல் 37 ஆகவும் குறைந்தது. வேறு பல இடங்களிலோ அதிகாரிகள் பணமில்லையென்றனர். சிலர் தொடங்கி இடையில் விட்டனர். பெங்களூர் அதிகாரி எங்கும் இருந்தார்.

கணக்கின் வெற்றி

1902-ல் வைத்தியத்துக்குரிய நோபல் பரிசு ராஸுக்கு அளிக்கப்பட்டது. 1911-ல் ஸர் பட்டமும் பெற்றார். ஆனால் அவருடைய பேரறிவு விளங்குவது இன்னொரு துறையிலாகும். தமிழ்த் தொழிலாளர் பலர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மோரீஷஸ் தீவுக்கு 1907-08-ல் சென்று மலேரியாவை ஆராய்ந்த அவர், இளமையிற் பயின்ற கணிதத்தை நோய்த் தடுப்பில் செலுத்தினார். நாட்டிலுள்ள கொசுக்களை ஒன்றும் விடாமற் கொல்லுதல் இயலாதாகையால் முயற்சியே வீண் என்று பலர் பேசிக்கொண்டிருந்தனர். கொசுவின் தொகை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தாழுமாயின், எஞ்சிய கொசுக்கள் வாழ்ந்துகொண்டிருப்பினும் மலேரியா தானே தேய்ந்து மறையும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வீட்டார் செய்யும் சிறு வேலையும் அக்கணக்கில் ஓர் இலக்கமாக ஏறுகின்றது. எவர் முயற்சியும் வீண்போவதில்லை.

1926-ல் லண்டனில் அவர் பெயரால் ராஸ் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1927-ல் கல்கத்தாவில் அவர் ஆராய்ந்த இடத்தருகே எழுப்பப்பட்ட நினைவு வாயிலைத் தாமே வந்து கண்டார். ஆயினும் முதுமையில் பணமுடையும் மனக்கசப்பும் அவரை வருத்தின. துரைத்தனத்தாரிடம் தம் கண்டுபிடிப்புக்குப் பரிசு வேண்டிக் கேட்டும் பெற்றாரில்லை; கடைசியில் தம் கடிதங்களையும் கைப்பிரதிகளையும் விற்க நேர்ந்தது. மனைவியாரை இழந்த மறு ஆண்டு, 1932 செப்டம்பர் 16-ம் தேதி, ராஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருக்குப் பின்

ராஸ் தொடங்கிய வேலை அவரோடு முடியவில்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிவுற்று, தஞ்சாவூர் ஜில்லாவின் பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் புதிய பாசனம் வந்தபொழுது, நெல்லோடு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சார்ந்த பால் ரஸ்ஸல் என்னும் அமெரிக்க வைத்தியர் அங்குத் தங்கி ஆராய்ந்தார். சாமந்தி இனப் பூவொன்றினின்றும் எடுத்த பைரித்ரம் என்னும் மருந்தை வீடுகளுக்குள்ளே தெளித்து, உள்ளே தங்கிய கொசுக்களைக் கொன்றதனால் நோய் குறைந்ததை 1930-களின் இறுதியில் அவரும் அவர் தோழரும் காட்டினர். ஆனால் அம்மருந்தின் வலி விரைவில் நீங்கிவிடும். அடிக்கடி தெளித்தல் வேண்டும்.

1939-ல் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானி பால் முல்லர் டி.டி.டி. என்னும் மருந்தின் கொல்லும் ஆற்றலைக் கண்டார். சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதம் அதன் வலி நிற்கும். இதன் நுட்பத்தை ராஸ் நிலையத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் மக்டொனால்டு, ராஸின் கணக்கையே மேலும் வளர்த்து விளக்கினார். நோயாளரைக் கடித்த கொசு உடனே நோய் பரப்புவதில்லை. கிருமி அதன் உடலில் முதிர ஏறக்குறையப் பத்து நாளேனும் ஆகும். அதற்குள் கொசு பலமுறை இரத்தம் உண்ணும். உண்டபின் உடல் கனத்துப் பெரும்பாலும் அருகிலுள்ள சுவரில் அமரும். அச்சுவரில் மருந்திருப்பின், நோய் பரப்பும் வயதை அடையுமுன்னரே அது மாளும். பேகம்பேட்டை ஆஸ்பத்திரிச் சுவரில் பெயர் தெரியாத உதவியாளர் சுட்டிக்காட்டிய அக்கொசுவின் அமர்வே இங்ஙனம் அதன் அழிவுக்கு வழியாயிற்று.

இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் வருந்தினரென்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனரென்றும் கணக்கிட்டனர். 1953-ல் தொடங்கிய தேசத் திட்டத்தால் வீடுதோறும் மருந்து தெளிக்கப்பட்டு, 1965-ல் நோயாளர் தொகை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. வெற்றி கண்டதும் கவனம் தளர்ந்தது. கொசுக்களும் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. மருந்து தெளித்த சுவரின்மேல் மக்கள் மீண்டும் மண் பூசினர்; வெள்ளையடித்தனர்; சிலர் தெளிப்போரை வாயிலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பினர். 1976-ல் அத்தொகை 64 லட்சமாக ஏறிற்று.

பின்னர் மருந்தூட்டிய கொசுவலை வந்தது. இது கொசுவைத் தடுப்பதோடு, தன்மீது வந்து அமர்வதைக் கொல்லவுஞ் செய்யும். 2000-க்கும் 2015-க்கும் இடையே ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் மூன்றில் இரண்டு பங்கு இவ்வலைகளின் பயனே என ஆராய்ச்சியாளர் கணித்தனர். ஒடிசாவில் 2017-ல் ஒரு கோடிக்கு மேற்பட்ட வலைகள் வழங்கப்பட்டன. மற்ற முயற்சிகளும் சேர, மறு ஆண்டில் நோயாளர் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நம் அண்டை நாடாகிய இலங்கை 2016-ல் மலேரியா நீங்கிய நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தாரால் அறிவிக்கப்பட்டது. எனினும் உலகத்தில் 2023-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

முடிவுரை

இச்சரித்திரத்தினின்றும் நாம் கற்க வேண்டுவது யாது? அறிஞர் ஒருவர் தம் கண்ணொளி மங்க உழைத்துக் கண்ட உண்மை, நூலில் எழுதப்பட்டமையால் மட்டும் ஒருவரையும் காப்பதில்லை. வீடுதோறும் ஒரு தாய் குழந்தையைக் கிடத்தி வலையின் விளிம்பை மெத்தைக்கடியிற் செருகுங் கணத்திலேதான் அது உயிர் பெறுகின்றது. ராஸ் கண்டது ஒரு நாளில். நாம் செய்ய வேண்டுவதோ ஒவ்வோர் இரவிலும். முன்னது அரிய செயல்; பின்னது எளிய செயல். ஆயினும் உலகத்தில் இறந்தோரிற் பலர், எளிய செயல் செய்யப்படாமையால் இறந்தோரே.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பிறக்கின்றது. நம் விடுதி மாடியிலும் தொட்டிகள் உண்டு. அவற்றுள் மூடியில்லாதது எது, நம் கட்டில்களில் தொங்கும் வலைகளுள் கிழிந்தது எது என்று இன்று மாலையே நாம் சென்று பார்க்கலாம். பெங்களூர் விடுதியின் முற்றத்தில் அன்று இருவர் நின்றனர். ஒருவர் தொட்டியைக் கவிழ்த்தார். மற்றவர் அதற்கு அவசியமில்லையென்றார். அவ்விருவருள் யாருடைய வழியிற் செல்வதென்பதை நாம் ஒவ்வொருவரும் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.